எலுமிச்சம்பழத்தோடு ரயிலேறிய கார்

கொள்ளிடத்தைக் காரில் கடந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ரயில் பாலத்தின் மேல், ஓடுகிற கூட்ஸ் வண்டியில், காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடந்தவன் நான் ஒருவன்தான். அடித்துச் சொல்வேன். வேறு யாராவது இருந்தால் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு முப்பது வயது. துறையூர்ப் பக்கம் சோளமும் கடலையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து வந்து, திருச்சியில் ஒரு மோட்டார் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில், வாடகை வீடு. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். சந்தோஷமும் அதே இடத்தில்தான் இருக்கும் என்பதால் என் மனைவி என்னைச் சகித்துக்கொண்டாள்.

புதுக் கார் வாங்குவது அப்போது இன்று போல இல்லை. பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் கார் ரயிலில் வரும். அது வருகிற விதத்தைப் பார்க்கத்தான் நான் அந்த வேலையில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். சில சமயம் மூடிய வேகனில் இரண்டு கார்கள் வரும். ஒன்று தரையில் நிற்கும். இன்னொன்று மரச்சட்டத்தின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு, முன்னதன் முதுகில் ஏறப் போவது போலச் சாய்ந்து நிற்கும். ஒரே வேகன் வாடகையில் இரண்டு கார் கொண்டுவரும் தந்திரம் அது. ஒரு முறை, வழியில் டயர் திருடுபோகிறது என்று யாரோ ஒரு புத்திசாலி நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்சலில் தனியாக அனுப்பிவைத்தான். கார் திருச்சிக்கு வந்தது, சக்கரங்கள் தூத்துக்குடிக்குப் போய்விட்டன. பத்து நாள் அந்தக் கார் கூட்ஸ் ஷெட்டில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. வாங்கியவர் தினமும் வந்து அதற்குள் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார்.

எங்கள் முதலாளி கண்டுபிடித்தது மூன்றாவது வழி. பக்கச்சுவர் இல்லாத தட்டை வேகனில் காரை ஏற்றி, காருக்குள்ளேயே ஓர் ஆளை உட்காரவைத்து அனுப்புவது. குதிரையையும் மாட்டையும் ரயிலில் அனுப்பினால் கூடவே ஓர் ஆள் போக விடுவார்களே, காரிலும் குதிரைச் சக்தி இருக்கிறதே என்று ரயில்வே ஆபீசில் வாதாடி அனுமதி வாங்கினார். அந்த ஆளாகப் போக நான் நாலு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு வருஷத்துக்கு வேறு ஒரு கணக்கும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் பிரசவம் பார்க்கிற ஒரு பெண் டாக்டர் இருந்தார். ஊருக்கே டாக்டரம்மா. என் மனைவிக்கு முதல் பிரசவ வலி கண்ட அன்று நல்ல மழை. குதிரை ஜட்கா லேசில் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றும் தெருத் தண்ணீரைப் பார்த்து வர மறுத்துவிட்டது. டாக்டரம்மா பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தார். என் மனைவியைக் காப்பாற்றினார். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இன்னும் ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தேன்னா..." என்றார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மறு வாரம் டாக்டரம்மா எங்கள் ஏஜென்சிக்கு வந்தார். "எனக்கு ஒரு வண்டி வேணும். எப்ப கிடைக்கும்?" என்றார். விண்ணப்பத்தை நான்தான் என் கையால் எழுதினேன்.

நாலு வருஷம் கழித்து, ஓர் ஐப்பசியில், அவருடைய முறை வந்தது. கறுப்புக் கார். மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் அவர் வண்டியைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். தவறினால் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் ஊரில் ஒரு சினிமாக் கொட்டகைக்காரர். தினமும் காலையில் எங்கள் கடைக்கு வந்து, "டாக்டரம்மா மனசு கினசு மாறிட்டாங்களா?" என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு உள்ளங்கை அரிக்கும்.

மழையில் சென்னைச் சாலை ஓரிடத்தில் உடைந்து கிடந்தது. மூடிய வேகன் கிடைக்கவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ மெட்ராசுக்குப் போ. தட்டை வேகன் ஒண்ணு சொல்லியிருக்கேன். வண்டிக்குள்ளயே உக்காந்து கொண்டு வந்து சேரு. நாள் தப்பிப்போச்சோ, உடைசல் நெளிசல்னு டாக்டரம்மா வேண்டாம்னு சொன்னாங்களோ, நீ அப்படியே துறையூர் பஸ் ஏறிடு, கடைப் பக்கம் வந்துடாத."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடி மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். "பார்த்துப் போயிட்டு வாங்க," என்றவள், சற்றுப் பொறுத்து, "டாக்டரம்மாவுக்கு வண்டி வந்துரும்ல?" என்று கேட்டாள். வந்துவிடும் என்று ஏதோ நானே தொழிற்சாலை வைத்திருப்பவன் போலச் சொன்னேன்.

சென்னையில் அவளுக்கு நல்ல குங்குமச் சிவப்பில் ஒரு நூல் சேலை வாங்கிக்கொண்டு கூட்ஸ் யார்டுக்குப் போனேன். கார் வேகன் மேல் ஏற்றப்பட்டிருந்தது. அச்சில் கயிறு போட்டு நாலு மூலையிலும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு முட்டுக்கட்டையை வேகனின் பலகைத் தரையில் ஆணி அடித்து இறுக்குவதுதான் பாக்கி. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

"இருங்க, இருங்க. எலுமிச்சம்பழம் வெக்கலயே?" என்றேன்.

புதுக் காரின் சக்கரம் முதன்முதலில் உருளும்போது நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும். அது தெரியாமல் நம் ஊரில் யார் கார் வாங்குகிறார்கள்? ஏற்றுகிற ஆட்களின் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இந்தச் சக்கரம் எங்கங்க உருளப் போவுது? உருளுறது வேகன் சக்கரம். பழத்தை அதுக்குக் கீழல்ல வெக்கணும்?"

"வேகன் புதுசா?"

"அது அம்பது வருசத்துப் பழசு."

"அப்புறம் அதுக்கு எதுக்குத் திருஷ்டி? ஊர்விட்டு ஊர் போறது கார்தானே?"

அரை மணி நேரம் இது நடந்தது. சுற்றி இருந்த கூலிக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கடைசியில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு பழத்தை வைத்து, பழத்தை ஒட்டி முட்டுக்கட்டையை அடித்துவிடுவது. வண்டி கிளம்பும்போது ஒரு குலுக்குக் குலுக்கும். பழம் தானாக நசுங்கும். காரும் உருளவில்லை, சாஸ்திரமும் விட்டுப்போகவில்லை. மேஸ்திரியே, "திருச்சிக்காரருக்குத் தலை இருக்குங்க," என்று ஒப்புக்கொண்டார். நான்கு நல்ல உருண்டைப் பழங்களை நானே பார்த்துப் பொறுக்கி வைத்தேன். பெருமை தாங்கவில்லை.

பழம் நசுங்கிய பிறகு அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வண்டி பிற்பகலில் புறப்பட்டது. என் வேகன் கடைசியிலிருந்து இரண்டாவது. அதற்குப் பின்னால் ரயில் கார்டின் பெட்டி மட்டும்தான். இன்ஜின் இழுத்த முதல் இழுப்பிலேயே நாலு பழமும் சப்பென்று நசுங்கின. எலுமிச்சை மணம் காருக்குள் வந்தது. கைகூப்பினேன். கார் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. உள்ளே இருட்டில் அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. தாம்பரம் வரைக்கும் பொறுத்தேன். அப்புறம் முன்பக்கத்துத் தார்ப்பாயைச் சுருட்டிக் கூரை மேல் கட்டிவிட்டேன்.

அடடா! அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஸ்டியரிங் என் கையில். புது சீட்டின் வாசனை. கண்ணாடிக்கு வெளியே ஊர்கள் வருகின்றன, போகின்றன. எதிரே பஸ் இல்லை, மாடு இல்லை, சைக்கிள் இல்லை. மீட்டரில் முள் அசையவில்லை. கார் ஓர் அங்குலமும் ஓடாமல் இருநூறு மைல் ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வே கேட்டுகளில் நிற்கிற ஜனங்களைப் பார்த்துக் கையாட்டினேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, ரயில் மேல் ஒருவன் கார் ஓட்டிக்கொண்டு போவதைக் கண்டு ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வளைவு வரும்போதெல்லாம் ஹார்ன் அடித்தேன். விழுப்புரத்தில் கார்டு இறங்கி வந்து, "யோவ், இன்ஜின் டிரைவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. கொஞ்சம் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா," என்றார்.

விருத்தாசலத்தில் விடிந்தது. அரியலூர் தாண்டும்போது, வண்டி வேகம் குறைக்கும் போதும் கூட்டும் போதும், 'டக்... டக்...' என்று ஒரு சத்தம் கேட்டது. தண்டவாள இணைப்பு என்று நினைத்தேன். லால்குடியில் அது 'டங்' என்று ஆனது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஊர் நெருங்கிய குஷியில் தலையில் எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டிருந்தேன்.

கொள்ளிடத்துக்குச் சற்று முன்னால் சிக்னலுக்காக வண்டி நின்றது. காலை நீட்டலாம் என்று கதவைத் திறந்து வேகன் பலகையில் இறங்கி, முன்பக்கம் சுற்றி வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

இடது முன் சக்கரத்துக்கு எதிரே கட்டை இல்லை. ஆணி மட்டும் இரண்டு வளைந்து நின்றன. மற்ற கட்டைகளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு எலுமிச்சம்பழ அகலம் இடைவெளி. பழம் இருந்த இடத்தில் காய்ந்த தோல். இரவெல்லாம் அந்த இடைவெளிக்குள் கார் முன்னும் பின்னுமாகப் போய்க் கட்டையைச் சம்மட்டி அடிப்பது போல அடித்திருக்கிறது. ஹாண்ட் பிரேக் போட்டுத்தான் இருந்தது. கூட்ஸ் வண்டியின் உலுக்கலுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? கயிறுகள் தொய்ந்து தொங்கின. காரின் மூக்கு இடப்பக்கம் திரும்பி, வால்பக்கம் வலது பக்கமாக ஒதுங்கியிருந்தது. வலது பின் சக்கரத்துக்கும் வேகனின் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்பார்களே, அதை என் கண்ணால் பார்த்தேன்.

"கார்டு சார்! கார்டு சார்!" என்று கத்தினேன். சிக்னல் கை இறங்கியது. இன்ஜின் ஊதியது. என் சத்தம் அதில் போயிற்று. வண்டி நகர்ந்தது.

குதித்திருக்கலாம். ஆனால் எதிரே பாலம். வண்டி ஒரு உலுக்கு உலுக்கினால் கார் கொள்ளிடத்துக்குள் போய்விடும். நாலு வருஷம் போய்விடும். பத்து நிமிஷம் போய்விடும். இதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். உள்ளே பாய்ந்து, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, முதுகைச் சீட்டில் முட்டி, "ரெங்கா! ரெங்கா!" என்று கத்தினேன். அவ்வளவுதான்.

கீழே கொள்ளிடம் கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பாலத்து இரும்பு ஒவ்வொன்றாகக் கண்ணாடியைக் கடந்தது. வேகன் ஆடும்போதெல்லாம் காரின் பின்பக்கம் ஒரு விரற்கடை விலகுவதை என் இடுப்பு உணர்ந்தது. வலது கையை விட்டு ஹார்னை அமுக்கினேன். முந்தின நாளிலிருந்து விளையாட்டுக்கு அடித்து அடித்து அதன் மதிப்பே போய்விட்டிருந்தது. கார்டு சிரித்திருப்பார். அப்போது பக்கத்துச் சீட்டில் இருந்த காகிதப் பொட்டலம் கண்ணில் பட்டது. பல்லால் நூலை அறுத்தேன். குங்குமச் சிவப்புச் சேலையை உதறி, ஒரு நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, மீதியை ஜன்னலுக்கு வெளியே விட்டேன்.

ஆறு கெஜச் சேலை. காற்றில் அது பட்டென்று விரிந்து பின்பக்கம் முழுக்கப் பறந்தது. பாலத்தின் மேல் அவ்வளவு பெரிய சிவப்புக் கொடியைக் கொள்ளிடம் பார்த்திருக்காது. கார்டின் விசில் கேட்டது. அவருடைய பெட்டியின் பிரேக் கிறீச்சிட்டது. இன்ஜின் பதிலுக்கு ஊதியது. வண்டி மெல்ல மெல்ல வேகம் தணிந்து, பாலத்தை ஊர்ந்து முடித்து, ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றது. வலப்பக்கம் கோபுரங்கள் தெரிந்தன. கும்பிடக் கையை எடுக்க முடியவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கோடும் ஒரு கை சேலையோடும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கார்டு ஓடி வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். எட்டிப் பார்த்த எல்லோரும் வந்தார்கள். "இப்படியே ஒரு அடி கூட நகர்த்த மாட்டேன்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "வேகனைக் கழட்டி ஓரமா விடுங்க. பொன்மலை ஒர்க்ஷாப்பிலிருந்து நாளைக்கு ஆள் வந்து சரி பண்ணட்டும்."

"நாளைக்கா? இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள திருச்சில இறங்கலைன்னா வண்டி வேற ஆளுக்குப் போயிடும் சார்!"

"போகட்டுமே. உங்க உயிர் போகலயே, அதுக்குச் சந்தோஷப்படுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவரை ஏதோ சொல்லிவிட்டேன், இப்போது எழுத முடியாது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவர் முகம் சிவந்து, "கழட்டுய்யா வேகனை!" என்று கத்தினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைத்தேன். மணி இரண்டு.

பிளாட்பாரத்தின் மறுகோடியில் வாழையிலைக் கட்டுகளும் தார்களும் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் வயிற்றில் துண்டைக் கட்டிய ஒருவர் வேகனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவதானமாகச் சொன்னார். "பின்பக்கத்தை ஒரு முழம் உள்ள தள்ளணும், அம்புட்டுத்தானங்க? மட்டையைப் போட்டா வழுக்கிட்டு வந்துரும். கல்யாண வீட்டு பீரோவே நாங்க அப்படித்தான் நகத்துறது."

ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார். "கீழ விழுந்தா?"

"விழாதுங்க. பத்து நிமிசம் கொடுங்க."

பத்து நிமிஷம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். யாருக்கான வண்டி, எதற்காக வாங்கிய வண்டி என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். குழந்தையைப் பற்றி நான் வெளியாரிடம் பேசியது அன்றுதான் முதல் தடவை. அவர் கையை விடுவித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, "டாக்டரம்மா வண்டின்னு முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அதட்டினார். பிறகு ஒரு போர்ட்டரைப் பார்த்து, "ஓடு, அவங்களைக் கூட்டிட்டு வா," என்றார்.

புது வாழைமட்டைகளை உரித்து, வழவழப்பான உள்பக்கம் மேலே தெரியும்படி பரப்பினார்கள். ஜாக்கியால் பின்பக்கத்தை லேசாகத் தூக்கி, சக்கரத்தின் கீழ் மட்டையைச் செருகினார்கள். எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். நான் உள்ளே ஸ்டியரிங்கில். "ஏலேலோ... ஐலசா!" கார் ஒரு தரம் முனகியது. பிறகு வால்பக்கம் அப்படியே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வந்து, வேகனின் நடுவில் நின்றது. பிளாட்பாரம் முழுவதும் கைதட்டியது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ஸ்லீப்பர் கட்டைத் துண்டுகளைச் சக்கரத்தோடு ஒட்டி அடித்தார்கள். இந்தத் தடவை நடுவில் ஒன்றும் வைக்கவில்லை. ஒருத்தர் விளையாட்டாக, "சார், பழம்?" என்றார். அடிக்கப் போனேன்.

டாக்டரம்மா ஜட்காவில் வந்து இறங்கினார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், காலில் ரப்பர் செருப்பு. வேகன் மேல் நிற்கும் தன் காரை முதல் தடவையாகப் பார்த்தார். நான் இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். இடது முன் மட்கார்டில், கட்டை தெறித்தபோது கிழித்த ஒரு முழ நீளக் கீறல். அவர் இருந்த பக்கத்திலிருந்து அது தெரியாது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அம்மா, அந்தப் பக்கம் வந்து பாருங்க. கீறல் விழுந்திருக்கு. என்னாலதான்," என்றேன். எலுமிச்சம்பழக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். டெலிவரிக் காகிதத்தில் 'சேதம்' என்ற இடத்தில் கீறலையும், 'காரணம்' என்ற இடத்தில் 'எலுமிச்சம்பழம், நான்கு' என்றும் என் கையால் எழுதி நீட்டினேன். இதைக் காட்டி அவர் வேண்டாம் என்று சொன்னால் அதோடு சரி.

அவர் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். கடைசியில் முடியாமல், அவ்வளவு பேர் முன்னால், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"வண்டி ஓடுமா?"

"ஓடும்மா. பிரேக் நல்லாப் பிடிக்குது. அதை நான் பார்த்துட்டேன்."

பானெட் மேல் காகிதத்தை வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாழைக்காரர் கொடுத்த கையைப் பிடித்து வேகன் மேல் ஏறினார். "நகருங்க. இனிமே என் வண்டி. நான் உக்காந்துக்கறேன்."

கார்டு தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, ஒரு ஆளுக்குத்தான் பர்மிஷன்..."

"அப்ப அவரை இறக்கிடுங்க."

என்னை யாரும் இறக்கவில்லை. காவிரிப் பாலத்தை நாங்கள் இருவரும் கடந்தோம். டாக்டரம்மா ஸ்டியரிங்கில், கால் பிரேக்கில், கண் எதிரே. நான் பக்கத்தில், மடியில் கசங்கிய சிவப்புச் சேலையோடு. மலைக்கோட்டை எங்களைப் பார்த்து வந்தது. பாதிப் பாலத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஹார்ன் எங்க இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். காவிரி முடிகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை அந்த அம்மா!

கூட்ஸ் ஷெட்டில் முதலாளி நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கொட்டகைக்காரர், ரோஜா மாலையோடு. மணி நாலேகால். காத்திருந்த நாலு வருஷத்தில் ஓட்டக் கற்றுவைத்திருந்த டாக்டரம்மா தானே ஓட்டிச் சரிவுப் பலகையில் இறக்கினார். சக்கரம் தரையில் பட்டது. கையெழுத்தான காகிதத்தை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, கொட்டகைக்காரரின் முன்னால் போய்க் கையை நீட்டினேன். "மாலையைக் கொடுங்க சார். வாடிடும்." அவர் கொடுத்துவிட்டார். கெட்டவர் இல்லை. நான் காரின் முன்னால் கட்டினேன். முதலாளி 'காரணம்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் துறையூர் பஸ் ஏறச் சொல்லவில்லை.

மாசி மாதம் ஒரு காலைவேளை என் மனைவிக்கு வலி கண்டது. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் பறந்தார். நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். தெருமுனையில் ஹார்ன் கேட்டது. கறுப்புக் கார், மட்கார்டில் கீறலோடு. அதற்குப் பெயிண்ட் அடிக்க நான் எத்தனையோ தடவை கூப்பிட்டும் டாக்டரம்மா நேரமில்லை என்று விட்டுவைத்திருந்தார். கதவைத் திறந்து இறங்கியவர் என்னைத் தாண்டி உள்ளே போகும்போது, "சீக்கிரமே வந்துட்டேன்," என்றார்.

வாசலில் நின்ற காரின் கீறலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் சூடு கையில் பட்டது. அந்தச் சூடு ஆறுவதற்கு முன்னால் உள்ளே என் மகள் அழுதாள்.